ஆறாம் மதகைத் திறந்தது யார்?

அத்தியாயம் 11

ஆறாம் மதகில் மட்டும் குளவிகளுக்கு நிம்மதி இல்லை.

அதை முதலில் கவனித்தவள் வெர்னா பாஸ்க். எரோனி அந்த நேரத்தில் கால்வாய்க் கரையில் நிறுத்தியிருந்த வண்டியின் பானெட்டில் சாய்ந்துகொண்டு, மிச்சமிருந்த மீட் பையை, இறைச்சி அடைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை, வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான். அங்கே நடுக்கோடையான ஜனவரியின் வெயில் தட்டையான அந்தச் சமவெளி முழுவதையும் வறுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லெல்லாம் காய்ந்த வைக்கோல். நடுவில் கால்வாய் மட்டும் நிரம்பி, அசையாமல், கண்ணாடி மாதிரி கிடந்தது.

"பாஸ், மதகைப் பாக்க வந்தோமா, பூச்சியைப் பாக்க வந்தோமா?"

"பூச்சியைப் பாக்கல. அதோட வீட்டைப் பாக்கறேன். ஏறி வா."

எரோனி பெருமூச்சோடு ஏணியில் கால் வைத்தான். ஃபிஜியிலிருந்து பேரிக்காய் பறிக்க வந்தவன் அவன். ஷெப்பர்ட்டன் ரக்பி அணியில் முன்வரிசையில் ஆடி, முழங்கால் போனபிறகு வெர்னாவுக்கு வண்டி ஓட்டச் சேர்ந்தான். அந்த உடம்பு ஏறியதும் மதகின் மேடை முனகியது. வெர்னா நகர்ந்து இடம் கொடுத்தாள். இருபது வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, இப்போது ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். நரைத்த தலை, ஆண்கள் போடும் தொப்பி, எதையும் தொடாமல் பார்க்கும் பழக்கம்.

"அஞ்சாம் மதகுல என்ன பார்த்தே?"

"குளவிக்கூடு. சட்டத்தோட உச்சி வரைக்கும். சின்ன ஊரே இருக்கு."

"ஏழாம் மதகுல?"

"அங்கயும் ஊர்தான். இங்க..." எரோனி குனிந்து பார்த்தான். இரும்புச் சட்டத்தின் உச்சிப் பகுதியில் முழுக்கூடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் காய்ந்த மண் தீற்றல். நசுங்கிய கூட்டின் மேல் இன்னொரு கூடு, அதுவும் நசுங்கி, அதன் மேல் மறுபடியும் ஒன்று. "புல்டோசர் விட்ட மாதிரி இருக்கு பாஸ்."

"புல்டோசர் இல்ல, இந்தப் பலகை. இரும்புப் பலகை மேல ஏறி வந்து கூட்டை நசுக்கியிருக்கு. சாதாரணமா மதகு ஒரு சாண், ரெண்டு சாண் ஏறும். உச்சி வரைக்கும் வராதுன்னு குளவிக்குத் தெரியும். மத்த மதகுல நிம்மதியா குடித்தனம் பண்ணுது. இங்க அதை அடிக்கடி யாரோ காலி பண்ண வெச்சிருக்காங்க."

எரோனி தலையைச் சொறிந்தான். "ஆனா அன்னிக்கு மதகு மேல ஏறிச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமே பாஸ். அந்தத் தண்ணி அடிச்சுட்டுப் போய்தானே லெஸ் விக்கரி செத்தார்."

"அன்னிக்கு மட்டும் ஏறியிருந்தா ஒரு தடவைதான் நசுங்கியிருக்கும். இது கட்டி, நசுங்கி, கட்டி, நசுங்கி... வாரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோ. இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு." அவள் விரல் அந்த முழுக்கூட்டைக் காட்டியது. "இது நசுங்கல. லெஸ் செத்ததுக்கப்புறம் இந்த மதகு ஒரு தடவைகூட உச்சிக்கு வரல."

எரோனி விசில் அடித்தான்.

லெஸ் விக்கரி பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த மதகின் அடியில் இறங்கி வலை போடுவார். சிமென்ட் தொட்டி மாதிரியான அந்தப் பள்ளத்தில் யாபி என்கிற கொடுக்கு இறால் நிறையக் கிடைக்கும். மத்தியானத்தில் மதகு ஏறக்குறைய மூடியிருக்கும், முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடும், ஊரில் பாதிப்பேர் அங்கே இறங்கிப் பழகியவர்கள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, அவர் பள்ளத்தில் நிற்கும்போதே மதகு திறந்துகொண்டது. உடலை ஏழாம் மதகின் கம்பிவலையில் எடுத்தார்கள்.

மதகைத் திறக்க அங்கே ஆள் யாரும் இல்லை. எல்லாம் தானியங்கி. சோலார் தகடு, மோட்டார், ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு கணினி. கால்வாய்க் கம்பெனி ஒரு வரைபடத்தை நீட்டியது: தண்ணீர் மட்டம் அன்று முழுக்கக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்திருக்கிறது, ஆகவே எந்திரத்தில் கோளாறு இல்லை. மதகு எவ்வளவு அசைந்தது என்ற கணக்கை மட்டும் விசாரணை முடியும்வரை தர முடியாது என்றது.

லெஸ்ஸின் மனைவி கோரல் நேராக வெர்னாவின் மாடிக்கு ஏறி வந்தாள். "அந்த எந்திரத்துக்கு மூளை எழுதினானே, அவன் பண்ண தப்பு என்னன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. செவ்வாய்க்கிழமை விசாரணை. அவன் எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லணும்" என்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

இன்று வெள்ளி.

"மட்டம் நேரா இருந்துச்சுன்னு கம்பெனி பெருமைப்படுதே பாஸ்" என்றான் எரோனி, ஏணியில் இறங்கிக்கொண்டே.

"குடிச்சவன் ஒருத்தன் கோடு மாறாம நடக்கறான்னு வை. கோட்டைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. அவன் காலைப் பாக்கணும். எவ்வளவு பாடுபடறான்னு அங்கதான் தெரியும். கம்பெனி நமக்குக் கோட்டைக் காட்டிச்சு. குளவி காலைக் காட்டுது. வா, மூளை எழுதினவரைப் பாப்போம்."

பெஸ்னிக் லேஷியின் வீடு ஷெப்பர்ட்டனின் கிழக்குக் கோடியில், பழத்தோட்டங்களை ஒட்டி இருந்தது. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். மூன்று வாரமாகச் சவரம் செய்யாத முகம். கம்பெனி அவரை வீட்டில் உட்காரச் சொல்லியிருந்தது. வந்தவர்களை ஏன் எதற்கு என்று கேட்காமலே உள்ளே விட்டு, சின்னக் கோப்பைகளில் கறுப்புக் காப்பியும் ஒரு தட்டு நிறைய லக்ரோர் என்கிற வெங்காய அடுக்குப் பலகாரமும் வைத்தார். அல்பேனிய வீடுகளில் சண்டைக்கு வந்தவனும் முதலில் சாப்பிட்டாக வேண்டும்.

"நல்லா இருக்கு" என்றான் எரோனி, இரண்டாவது துண்டை எடுத்தபடி. "குற்றவாளி வீட்டுல இவ்வளவு நல்ல பலகாரம் இதுக்கு முன்ன சாப்பிட்டதில்ல."

பெஸ்னிக் சிரிக்கவில்லை. "குற்றவாளின்னு சரியாத்தான் சொல்றீங்க."

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "அது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பெஸ்னிக் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "கால்வாயில தண்ணி எந்த உயரத்துல நிக்கணும்னு ஒரு குறி வெப்போம். ஏழாம் மதகுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள ஒரு அளவுமானி இருக்கு. தண்ணி குறிக்குக் கீழ போனா, மேல இருக்கற ஆறாம் மதகுக்குத் தகவல் போகும். அது திறக்கும். தண்ணி ஏறினா மூடும். திறந்துட்டுச் சும்மா இருக்காது. திரும்பத் திரும்பப் பார்க்கும், திரும்பத் திரும்பத் திருத்தும்."

"எவ்வளவு திறக்கணும்னு யாரு சொல்றது?"

"அதுதான் என் வேலை. அந்த எந்திரத்துக்கு ரெண்டு பயத்தை நான் எழுதிக் கொடுக்கறேன். ஒண்ணு, தண்ணி குறியை விட்டு விலகிடுமோங்கற பயம். இன்னொண்ணு, மதகை ரொம்ப ஆட்டிடுவோமோங்கற பயம். எந்தப் பயம் எவ்வளவு பெருசுன்னு ரெண்டு எண் போடணும். அப்புறம் ரெண்டு கஷ்டமும் சேர்ந்து எந்த வழியில கம்மியா வருமோ, அந்த வழியைக் கணக்கு கண்டுபிடிச்சிடும். அதைவிட நல்ல வழி கிடையாதுன்னு நிரூபிக்கவும் முடியும்."

"எங்க கோச் மாதிரி" என்றான் எரோனி. "ஜெயிக்கவும் ஜெயிக்கணும், ஒருத்தனுக்கும் அடி படக் கூடாதும்பார். கடைசியில என் முழங்காலுக்குக் குறைச்சலா எண் போட்டுட்டார்."

பெஸ்னிக் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. நானும் அதைத்தான் பண்ணேன். முதல்ல ரெண்டையும் சமமா வெச்சிருந்தேன். மதகு மெதுவா, தயங்கித் தயங்கித் திறக்கும். கொஞ்ச நேரம் மட்டம் இறங்கியிருக்கும், அப்புறம் சரியாகும். பண்ணைக்காரங்க புகார் பண்ணாங்க. மேனேஜர் வந்து, மட்டம் ஒரு விரல்கூட இறங்கக் கூடாதுன்னார். மதகு அசையறதுக்கு முன்னாடி சங்கு ஊதற மாதிரி வைக்கலாம்னு கேட்டேன். செலவு, சத்தம், வேணாம்னார். நான் தண்ணி விலகற பயத்தோட எண்ணைக் கூட்டினேன். என் கையை யாரும் பிடிச்சு எழுத வைக்கல. அதுக்கப்புறம் அந்த மதகு தயங்கறதே இல்ல."



"ஆனா அது தானாத் திறக்காது" என்றாள் வெர்னா மெதுவாக. "தண்ணி குறைஞ்சாத்தானே திறக்கும்? அந்த ஞாயித்துக்கிழமை எந்தப் பண்ணையும் தண்ணி கேட்கல. கேட்டிருந்தா கம்பெனி அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல யாரோ திருட்டுத்தனமா உறிஞ்சியிருக்காங்க. அந்த ஒரு நாள் மட்டுமில்ல, வாரா வாரம். முன்னெல்லாம் மதகைக் கையால திறக்கற காலத்துல, எவனாவது திருடினா கீழ்ப்பக்கம் தண்ணி குறையும், ஊரே சத்தம் போடும். இப்ப உங்க எந்திரம் திருட்டை உடனுக்குடன் நிரப்பிடுது. யாருக்கும் தெரியறதில்ல. எந்திரம் ரொம்ப நல்லா வேலை செஞ்சதாலதான் திருட்டு மறைஞ்சிருக்கு. சரியா?"

பெஸ்னிக்கின் முகம் வெளுத்தது. "யார் சொன்னாங்க?"

"குளவி" என்றான் எரோனி.

"லெஸ் செத்ததோட அந்தத் திருட்டும் நின்னுபோச்சு" என்றாள் வெர்னா. "இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்னாடியே நீங்க போட்டிருப்பீங்க. எங்க உறிஞ்சினாங்கன்னும் உங்களுக்குத் தெரியும். அலை போய்ச் சேர்ற நேரத்தை வெச்சு உங்களால கண்டுபிடிக்க முடியும்."

அவர் எழுந்தார். ஏற்கனவே கழுவியிருந்த ஒரு கோப்பையை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். முதுகு மட்டும் தெரிந்தது.

"என் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை வாயாலயும் சொல்லிடுவேன். அதோட விட்டுடுங்க வெர்னா."

"லைசென்ஸ் போயிடும். கேஸ்கூடப் போடலாம்."

"போடட்டும்."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "காப்பாத்தறதுக்கு இனி யாரு இருக்கா? தயவுசெஞ்சு விட்டுடுங்க. இதைக் கண்டுபிடிச்சு உங்களுக்கு ஒரு நல்லதும் வராது. யாருக்குமே வராது."

வெளியே வந்து வண்டிக் கதவைச் சாத்தியதும் எரோனி சொன்னான்: "பணம் வாங்கியிருக்கான் பாஸ். எவனோ பெரிய பண்ணைக்காரன் வாயை அடைச்சிருக்கான்."

"பணம் வாங்கினவன் மூணு வாரம் சவரம் பண்ணாம இருக்க மாட்டான்."

"அப்ப மிரட்டியிருக்கான். அந்தக் கரையில நிலம் யாருது? நோயல் ஸ்ப்ரேக். புது டிராக்டர், புது பம்பு, எப்பப் பாத்தாலும் முறைக்கற மூஞ்சி. பந்தயம். அவன்தான்னா எனக்கு ஒரு மீட் பை. இல்லன்னா உங்களுக்கு."

"உன்கிட்ட பந்தயத்துல ஜெயிச்ச பையை நான் இதுவரை கண்ணால பார்த்ததில்ல" என்றாள் வெர்னா. ஆனால் அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. அந்த மனிதரின் முதுகை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது போல எரோனிக்குத் தோன்றியது.

ஆறாம் மதகுக்கும் ஏழாம் மதகுக்கும் இடையே ஸ்ப்ரேக்கின் கரையோரமாக வண்டியை ஊர்ந்து ஓட்டினார்கள். ஒரு பம்பும் இல்லை, ஒரு குழாயும் இல்லை. ஆளுயரச் சம்பங்கோரை மட்டும் அடர்ந்து நின்றது. பாதி தூரம் போனதும் எரோனி பிரேக்கை மிதித்தான்.

"பாஸ், சாட்சிங்க வந்திருக்காங்க."

வலதுபுறம், மரவரிசை ஒன்றுக்கு அப்பால், பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அரிவாள் மூக்கன்கள். ஒன்று, இரண்டு அல்ல, முப்பது நாற்பது இருக்கும்.

"இந்தப் பறவை ஈரமண்ணுல மூக்கை விட்டுப் புழு தின்னும்" என்றான். "சுத்துவட்டாரம் பூரா ஓடு மாதிரி காஞ்சு கிடக்கு. இதுங்க மட்டும் இங்க விருந்து சாப்பிடுதுன்னா, யாரோ பரிமாறியிருக்காங்க."

வெர்னா அவன் தோளைத் தட்டினாள். "இன்னிக்கு நீதான் பாஸ்."

இறங்கி, அந்தப் பறவைகளுக்கு நேர் எதிரே கரையில் கோரையை விலக்கிப் பார்த்தார்கள். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே பழைய மண்குழாய் ஒன்றின் வாய் தெரிந்தது. பாசி படிந்து, பார்ப்பதற்குப் பாறை மாதிரி. அந்தக் காலத்து வேலை. குழாய் கரைக்கு அடியில் நுழைந்து போயிருந்தது. மேலே மண் லேசாக உள்வாங்கிய தடத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். ஸ்ப்ரேக்கின் வேலி வரை எரோனி பையின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். தடம் அந்த வேலிக்குள் திரும்பவில்லை. மண்பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் மரவரிசைக்குள் போனது.

"ஐயோ, என் பை" என்றான்.

மரங்களுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம். காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு பச்சை நாக்கு நீண்டு கிடந்தது. அதன் முனையில் துருப்பிடித்த இரும்புச் சக்கரம் வைத்த வால்வு. முழுக்க மூடாமல் அவசரத்தில் விட்டுப்போன மாதிரி, நூலாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்ததும் பறவைகள் சலித்துக்கொண்டு எழுந்து பறந்தன.

எரோனி வால்வைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். நிலத்தின் மறுகோடியில் பால் கறக்கும் கொட்டகை, அதன் பக்கத்தில் பச்சைக் கூரை போட்ட வீடு. அந்தக் கூரையை அவனுக்குத் தெரியும். இதுவரை நெடுஞ்சாலைப் பக்கமிருந்தே வந்ததால் பின்பக்கம் இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. போன வாரம் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறான்.

"பாஸ்..."

"தெரியுது" என்றாள் வெர்னா.

"லெஸ்தானா? அவரே திருடிட்டு, அவரே போய்..."

"மதகுக்கு அடியில நிக்கறவர் இங்க வால்வைத் திருக முடியாது எரோனி."

கொட்டகைப் பக்கமிருந்து நாலுசக்கர பைக் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கோரல் விக்கரி. ரப்பர் பூட்ஸ், கணவனின் பழைய சட்டை. பறவைகள் கலைந்ததைப் பார்த்து வந்திருக்க வேண்டும். இறங்கி அவர்களையும் வால்வையும் பார்த்தவள், கழுத்து வரை சிவந்துபோனாள்.

"அடக் கடவுளே. இதையும் கண்டுபிடிச்சிட்டீங்களா? மானமே போச்சு."



"லெஸ்ஸோட அப்பா காலத்து குழாய் இது. லெஸ் தொடவே மாட்டாரு. அடுத்தவன் தண்ணி, வேணாம் கோரல்னுதான் சொல்லுவாரு. எங்க பங்குத் தண்ணி கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே தீந்துபோச்சு. மாடுங்க மண்ணை நக்கிட்டு நின்னுச்சுங்க, என்னால பாக்க முடியல. அவரு ஞாயித்துக்கிழமை யாபி பிடிக்கக் கிளம்பினதும் நான் வந்து திறப்பேன். அவரு திரும்பறதுக்குள்ள மூடிடுவேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. நல்லவேளை." அவள் வெட்கத்தோடு சிரிக்க முயன்றாள். "கம்பெனிக்குச் சொல்லணும்னா சொல்லிடுங்க, அபராதம் கட்டிடறேன். இப்ப நீங்க விஷயத்துக்கு வாங்க. அந்த மூளை எழுதின பையனைப் பத்தி ஏதாவது கிடைச்சுதா?"

எந்த இழவு வீட்டிலும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் எரோனி. இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெஸ்னிக் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவியது ஏன் என்று அவனுக்குப் புரிந்தது. பாஸ் பொய் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடலாம்.

ஏறிவிட்டால், செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் எழுந்து நின்று எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்வார்.

"என்ன கண்ணு, ஏன் அப்படி நிக்கறே?" என்றாள் கோரல் அவனைப் பார்த்து. "வெர்னா?"

"உக்காருங்க கோரல்."

"எதுக்கு உக்காரணும்? சொல்லுங்க. யாரு திறந்தது அந்த மதகை?"

வெர்னா தொப்பியைக் கழற்றினாள். "யாரும் தொட்டுத் திறக்கல. கீழ தண்ணி குறைஞ்சா மேல தானாத் திறக்கும்."

"அதைத்தான் கம்பெனிக்காரனும் சொன்னான். கீழ தண்ணி குறைஞ்சா..." கோரல் நிறுத்தினாள். "கீழன்னா எங்க?"

வெர்னா கால்வாய்ப் பக்கம் திரும்பினாள்.

"ஆறாம் மதகுக்குக் கீழயா?"

"ஆமா."

"ஏழுக்கு மேல?"

"ஆமா கோரல்."

கோரல் வால்வைப் பார்த்தாள். கசிகிற தண்ணீரைப் பார்த்தாள். அவள் உதடுகள் எதையோ கணக்குப் போடுவது போல அசைந்தன. யாராவது குறுக்கே பேசி அந்தக் கணக்கைக் கலைத்துவிட மாட்டார்களா என்று எரோனி தவித்தான். பாறையைப் பிடித்துத் தள்ளக்கூடிய கைகள் அவனுக்கு. அவை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"மத்த ஞாயிறெல்லாம் அடுப்படி வேலையை முடிச்சிட்டுத்தான் வருவேன்" என்றாள் கோரல். குரல் யாரிடமோ வழி கேட்பது மாதிரி இருந்தது. "அதுக்குள்ள அவரு வலையைத் தூக்கிட்டுக் கரையில போய் உக்காந்திருப்பாரு. அன்னிக்கு ரொம்ப வெயில். அவரு வண்டி வாசல் தாண்டினதுமே ஓடி வந்து திறந்துட்டேன். முழுசா."

"கோரல்..."

"போலீஸ்காரங்க போன் பண்ணப்பகூட நான் இங்கதான் இருந்தேன். மூடிட்டு ஓடினேன்."

அவள் மண்டியிட்டாள். சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றித் திருகினாள். துரு கிறீச்சிட்டது. கசிவு நின்றது. அதன்பிறகும் திருகினாள். சக்கரம் நகரவில்லை, கைகள்தான் வழுக்கின.

"விடுங்க ஆன்ட்டி, நான் மூடறேன்" என்று எரோனி குனிந்தான்.

"தொடாதே."

அவன் பின்வாங்கினான். வெர்னா புல்லில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் மேலே அந்தப் பறவைகள் இறங்கலாமா வேண்டாமா என்று வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்துக் கோரல் கேட்டாள்: "அந்தப் பையனுக்கு இது தெரியுமா?"

"தெரியும். முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பார்."

"நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தினேன் வெர்னா. கொலைகாரான்னு சொன்னேன். தெருவே பார்த்துச்சு. அவன் கதவைச் சாத்திட்டு உள்ள போயிருக்கலாம். திறந்து வெச்சிட்டு, நான் கத்தி முடிக்கற வரைக்கும் அப்படியே நின்னான்." அவள் சட்டை நுனியால் கையிலிருந்த துருவைத் துடைத்தாள். போகவில்லை. "ஒரு வார்த்தை சொல்லல."

"அவர் பக்கமும் தப்பு இருக்கு. அவரே சொல்றார்" என்றாள் வெர்னா. "மதகு அவ்வளவு வேகமாத் திறக்கற மாதிரி எழுதினது அவர்தான். எழுதச் சொன்ன மேனேஜர் இருக்கார். சங்கு வேணாம்னதும் அவர்தான். எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு கோரல்."

"பங்கு போட்டா குறையுமா?"

எத்தனையோ வழக்குகளில் கடைசி வார்த்தை வெர்னாவுடையதாகத்தான் இருக்கும். இன்று எரோனி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. வயசு மட்டும்தான் தெரிந்தது.

கொட்டகைப் பக்கமிருந்து மாடுகள் கத்த ஆரம்பித்தன. ஒன்று தொடங்கியது, பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. கறவை நேரம். மடி கனத்த மாடுகள் யாருக்காகவும் காத்திருக்கத் தயாராக இல்லை. வாசற்படலை முட்டிக்கொண்டு நின்றன.

கோரல் எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. இந்த முறை எரோனி நீட்டிய கையை அவள் தட்டிவிடவில்லை.

மூவரும் நடந்தே கொட்டகைக்குப் போனார்கள். லெஸ் போன பிறகு இவ்வளவு மாடுகளையும் அவள் ஒருத்தியாகத்தான் கறந்துவந்தாள். வெர்னா தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினாள். எரோனிக்கு மாடு பிடிக்கத் தெரியாது. கறவைக் குழாயைத் தலைகீழாகப் பிடித்தான், ஒரு கிழட்டு மாடு அவன் நல்ல முழங்காலில் உதைத்தது. வேறு நாளாயிருந்தால் அதை வைத்தே அவன் ஒரு வாரம் பேசியிருப்பான். இன்று நொண்டிக்கொண்டே அடுத்த மாட்டுக்குப் போனான்.

கடைசி வரிசை வந்தபோது கோரல் ஒரு மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை அவனுக்கு முன்னாடி என்னைப் பேசக் கூப்பிடுவாங்களா?"

வெர்னா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "கேட்டா கூப்பிடுவாங்க."

"அப்ப கேளுங்க" என்றாள் கோரல். அந்த மாட்டை வெளியே தட்டிவிட்டு, அடுத்ததை உள்ளே விட்டாள்.